அப்பாவின் பத்மினிக்கு வாங்கிய ரஸ்ட் கன்வெர்ட்டர்

தண்டையார்பேட்டை வீட்டு ஷெட்டில் 11 வருடம் நின்ற பிரீமியர் பத்மினி. காசிமேட்டு உப்புக்காற்று சும்மா விடுமா? டிரைவர் சீட் பக்கம் கால்மிதியைத் தூக்கினால் தரை தெரிந்தது. காரின் தரை இல்லை, ஷெட்டின் தரை.

பாரிமுனையில் ஒரு பெயிண்ட் கடையில் துருவின் மேல் பூசுகிற இந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் திரவத்தை லிட்டர் 520 ரூபாய்க்கு வாங்கினேன். பாஸ்பாரிக் அமிலம் கலந்தது. துருவோடு சேர்ந்து இரும்பு பாஸ்பேட்டாகிக் கறுப்பாகப் படியும். துருவின் மேல் அப்படியே பூசலாம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. நம்பாதீர்கள். அப்படிப் பூசியது மறுவாரமே அப்பளம் போல உரிந்து வந்தது. அப்புறம் கம்பி பிரஷால் உதிர்கிற துருவையெல்லாம் சுரண்டி, தின்னரால் துடைத்துவிட்டுப் பூசினேன். கதவின் கீழ்விளிம்பிலும் டிக்கி ஓரத்திலும் இப்போது கெட்டியாகப் பிடித்திருக்கிறது. மேலே பிரைமர் கட்டாயம். இதை மட்டும் பூசி விட்டுவிட்டால் மழையைத் தாங்காது.

ஓட்டை விழுந்த இடத்துக்கு இது உதவாது. அதற்கு வியாசர்பாடி டிங்கர் அண்ணன் வந்து புதுத் தகடு வெட்டிப் பற்றவைத்தார்.

ஐந்துக்கு மூன்றரை மார்க். கையுறை போடுங்கள், கீழே பழைய பேனர் விரியுங்கள். சிமென்ட் தரையில் சிந்தி நுரைத்ததற்கு அம்மாவிடம் இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.