கழிமுகக் கம்பமா, கடல் மிதவையா? சென்னைப் பக்கம் பச்சைச் சிப்பி வளர்ப்பு

கேரளத்தின் காசர்கோட்டுப் படன்னையில் நவம்பர், டிசம்பரில் விதையை, அதாவது சிப்பிக் குஞ்சைக் கயிற்றில் கட்டி, ஜூன் மழைக்கு முன் அறுவடையை முடிப்பார்கள். அதே நாள்காட்டியைச் சென்னையில் பின்பற்றினால் முதலுக்கே மோசம். இங்கே நல்ல தண்ணீர் வெள்ளமாக வருவது வடகிழக்குப் பருவமழையில். ஆயிரத்துக்கு 27 முதல் 35 பங்கு உப்புதான் பச்சைச் சிப்பிக்குச் சுகம். உப்பு இறங்கினால் ஓடுகளை மூடிக்கொண்டு பட்டினி கிடக்கும், கயிற்றைப் பற்றியிருக்கும் பிடிநார் தளரும், கொத்துக்கொத்தாகக் கழன்று விழும்.

ஆகவே கழிமுகத்தில் விதை கட்டுவது ஜனவரிக் கடைசியில், உப்பை அளந்து பார்த்த பிறகு. சவுக்குக் கம்பம் நட்டு, குறுக்குக் கழியில் ஒன்று, ஒன்றரை மீட்டர் கயிறு தொங்கவிட்டால் போதும். கடல் வற்றத்தில் நீர் அடியோடு இறங்கும்போதும் கயிற்று நுனி சேற்றைத் தொடக் கூடாது. தொட்டால் நண்டு ஏறும். செலவு குறைவு, தண்ணீர் அமைதி. ஆனால் முட்டுக்காடு போன்ற இடங்களில் கோடையில் மணல் மேடு முகத்துவாரத்தை அடைத்துவிடும். நீரோட்டம் நின்றால் இரையும் நின்றது. வெயிலில் உப்பும் கடலைத் தாண்டும்.

கடலில் மிதவை கட்டிக் கயிற்றைத் தொங்கவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஐந்தாறு மீட்டர் கயிறு விடலாம், இரை ஓயாமல் வரும். ஓடும் நீர் என்ன செய்யும் என்பதற்குக் கல்பாக்கம் அணுமின் நிலையமே சாட்சி: அதன் கடல்நீர்ச் சுரங்கத்தில் டன் கணக்கில் அப்பிக்கொண்டது இதே சிப்பிதான். தொல்லை அலை. இந்தக் கரையில் ஒதுங்க விரிகுடா கிடையாது. நங்கூரமும் பீப்பாயும் கணக்கைத் தின்னும். புயல் பருவத்துக்கு முன், செப்டம்பருக்குள் கயிற்றைக் கரையேற்றியாக வேண்டும்.

விதை கட்டுவது இரண்டுக்கும் ஒன்றே. 20–25 மில்லிமீட்டர் குஞ்சு, மீட்டருக்கு 500 முதல் 700 கிராம், கயிற்றைச் சுற்றிச் சீராகப் பரப்பிப் பருத்தி வலைத்துணியால் தைக்க வேண்டும். குஞ்சு கயிற்றைப் பிடித்துக்கொண்டதும் துணி மக்கிவிடும். நைலான் கொசுவலை மக்காது, குஞ்சு உள்ளேயே நெரியும். ஆசைப்பட்டு ஒரு கிலோவை ஏற்றினால் உள்வரிசை மூச்சுமுட்டிச் சாகும், வெளிவரிசை பிடிமானமின்றி உதிரும்.

நிலைமை கூடிவந்தால் ஐந்து, ஆறு மாதத்தில் 75–80 மில்லிமீட்டர். முதலில் ஓடு விறுவிறுவென நீளும். பிறகு இரையின் பங்கு இனப்பெருக்கத்துக்குப் போகும். நீளத்தை நம்பி அறுக்காதீர்கள். நாலைந்தைப் பிளந்து பாருங்கள்: பெண்ணில் ஆரஞ்சு, ஆணில் வெண்மஞ்சள் சதை ஓட்டை நிறைத்திருந்தால் அறுக்கலாம். முட்டையிட்டு முடித்தது தண்ணீராக ஒட்டிக் கிடக்கும், எடையும் தேறாது.

எங்கள் கணக்கில் முதல்முறை இறங்குவோருக்குக் கழிமுகமே சரி, முகத்துவாரம் திறந்திருக்கும் இடமாக இருந்தால். எண்ணூர் மட்டும் வேண்டாம். சிப்பி அங்கே தானாகவே படுகையாக வளர்ந்த இடம்தான். ஆனால் அனல்மின் சாம்பலும் ஆலைக் கழிவும் சேருமிடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. சுத்தமான கடல்நீரில் ஒரு நாள் போட்டுவைத்தால் கிருமி குறையும். சதையில் ஏறிய உலோகம் போகாது.