சி மொழியின் ஆர்க்வியோடும் சைஸ்ஒஃபோடும் சில வருடங்கள்

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு கமக்காரர் அமைப்பின் மழைக் கணக்கையும் நெல்லுக் கணக்கையும் சில வருடங்களாகச் சி மொழியில் எழுதிய குட்டிப் புரோகிராம்களால்தான் பார்த்துவருகிறேன். எக்ஸெல் இருக்கத்தக்கதாக ஏன் இந்த வில்லங்கம் என்று கேட்பார்கள். என் பழைய லப்டொப் எக்ஸெல் மாதிரி ஒன்றைத் திறந்து முடிக்கிறதுக்குள் கரண்ட் போய்விடும். அதன் பற்றரி செத்துக் கனகாலம். சி புரோகிராம் என்றால் என்டர் தட்டிய கையோடு விடை வரும்.

பாவிக்கும் கருவிகள் மூன்று. ஒன்று அந்தப் பழைய லப்டொப்: 32 பிற், 2 ஜிபி ராம், டெபியன் லினக்ஸ், எழுதிய சி நிரலை இயந்திரம் ஓட்டக்கூடியதாக மாற்றும் ஜிசிசி கொம்பைலர். பின்னேரங்களில் நான் படிப்பிக்கும் ரியூசன் வகுப்பில் இருப்பவை 64 பிற் விண்டோஸ் கணினிகள். மூன்றாவது என் அன்ட்ரொயிட் போன். அதில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் கிளாங் கொம்பைலர் ஓடும். வயல் வரம்பில் நின்றபடியே புரோகிராமைத் திருத்தலாம். ஒரே மூலக்கோப்பைத்தான் மூன்றிலும் கொம்பைல் பண்ணுகிறேன். ஆனால் விடை எப்போதும் ஒன்றாக வந்துவிடாது. வந்த வித்தியாசங்களைத் தேடிக்கொண்டு போனால் அநேகமாக இரண்டு இடங்களில்தான் போய் நிற்கும்: தரவு வகைகளின் அளவு (அதைச் சொல்வது சைஸ்ஒஃப்), கட்டளை வரியில் புரோகிராமின் பெயரோடு சேர்த்து அடிக்கும் சொற்களான ஆர்கியுமென்ட்கள் (அவை வந்து சேரும் பட்டியல் ஆர்க்வி). இந்த இரண்டையும் பல பாடப்புத்தகங்கள் ஆளுக்கொரு பக்கத்தில் முடித்துவிடுகின்றன.

இன்ட், லோங் என்ற முழு எண் வகைகளின் அளவைப் பற்றி வகுப்பில் கேட்டால், "இன்ட் நாலு பைட், லோங் எட்டு பைட் சேர்" என்று மனப்பாடமாக வரும். அண்ணன்மாரின் பழைய நோட்ஸ் வைத்திருப்பவன் "இன்ட் ரெண்டு பைட்" என்பான். இரண்டு பேரும் ஏதோ ஒரு இயந்திரத்தைப் பற்றி உண்மைதான் சொல்கிறார்கள். சி நியமம் குறைந்தபட்சத்தை மட்டுமே விதிக்கிறது: எழுத்துக்கான சார் எப்போதும் 1 பைட், ஷோர்ட்டும் இன்ட்டும் குறைந்தது 16 பிற், லோங் குறைந்தது 32, 1999 நியமத்தோடு வந்த லோங் லோங் குறைந்தது 64. அதற்கு மேல் எவ்வளவு என்பது கொம்பைலரும் இயங்குதளமும் சேர்ந்து எடுக்கும் முடிவு. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி இந்த மொழியை உருவாக்கியபோது அது ஓடிய பிடிபி-11 ஒரு 16 பிற் இயந்திரம். அங்கே இன்ட் 2 பைட். பிறகு மொழி விதம்விதமான இயந்திரங்களுக்குப் போனது. ஒவ்வொன்றிலும் அதற்கு இயல்பான அளவில் ஓடட்டும் என்று அளவை இறுக்கிக் கட்டாமல் விட்டுவிட்டார்கள்.

என் கருவிகளில் இன்ட் மூன்றிலும் 4. லோங் பழைய லப்டொப்பில் 4, விண்டோஸில் 64 பிற் ஆக இருந்தும் 4, போனில் 8. நினைவக முகவரியை வைக்கும் பொயின்டர் லப்டொப்பில் 4, மற்ற இரண்டிலும் 8. ஆகவே லோங் 8 பைட் என்று நம்பி எழுதிய புரோகிராம் போனில் மட்டும்தான் ஒழுங்காக ஓடும். மேசையில் இருக்கும் கணினியைவிடச் சட்டைப்பைக்குள் இருக்கும் போன் இதில் தாராளம் என்பதைப் பெடியள் இன்னமும் நம்புவதில்லை.

இதைப் பரீட்சைக் கேள்வி என்று ஒதுக்கமுடியாது. குறியுள்ள, அதாவது எதிர்மறையும் வைக்கக்கூடிய, 4 பைட் எண்ணில் வைக்கக்கூடிய ஆகப் பெரிய பெறுமதி 2147483647. காசைச் சதத்தில் வைத்தால் அது 2 கோடியே 14 இலட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 சதம். காலபோக அறுவடை முடிந்து ஒரு அமைப்பு முழுவதும் நெல் விற்ற காசைக் கூட்டினால் அதைத் தாண்டுவது பெரிய விசயமே இல்லை. எங்கள் பொருளாளரின் மகன் தகப்பனுக்காக ஒரு கூட்டல் புரோகிராம் எழுதினான். சதங்களை லோங்கில் வைத்தான். போனில் எல்லாம் சரி. அதே கோப்பை வகுப்பு விண்டோஸில் ஓட்டிக் காட்டியபோது மொத்தம் சைபருக்குக் கீழே போய்விட்டது. தகப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப நாங்கள்தான் மில்காரனுக்குக் காசு குடுக்கோணுமோ மாஸ்டர்?" என்று கேட்டார். குறியுள்ள எண் எல்லை தாண்டினால் என்ன நடக்கவேண்டும் என்பதை நியமம் வரையறுக்கவே இல்லை. எதிர்மறையாக வந்ததால் பிடிபட்டது. கொஞ்சம் குறைவான ஒரு நேர் எண் வந்திருந்தால் அது அப்படியே கணக்கறிக்கைக்குள் போயிருக்கும்.

இன்ட் 2 பைட்டாக இருக்கும் டர்போ சி என்ற பழைய கொம்பைலர், டொஸ் காலப் புரோகிராம்களை ஓட்டும் டொஸ்பொக்ஸுக்குள் இன்னும் சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே எல்லை 32767. மூடைக்கு 65 கிலோ என்று பிடித்தால் 504 மூடை வரை கணக்கு நிற்கும். 505ஆவது மூடையைக் கூட்டினால் வழக்கமாக −32711 கிலோ என்று காட்டும். 8 பிற் சில்லுள்ள ஆர்டுயினோ ஊனோ பலகையிலும் இன்ட் 2 பைட்தான், தசம எண்ணுக்கான டபுள்கூட அங்கே 4 பைட். வாய்க்கால் நீர்மட்டம் அளக்கக் கருவி செய்யும் மாணவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளவேண்டும்.

மருந்து பழையதுதான். 1999 நியமத்தோடு வந்த ஸ்ரட்இன்ட் ஹெடரைச் சேர்த்து இன்ட்64_டி என்று எழுதினால் மூன்று கருவியிலும் 64 பிற். காசு, மழை, நாள் எல்லாவற்றுக்கும் எனக்கு இப்போது அதுதான். இதில் எரிச்சலூட்டுவது அச்சிடும் பகுதி. ஒவ்வொரு வகைக்கும் பிரின்ட்எஃபில் வேறு குறி. சைஸ்ஒஃப் தரும் விடைக்குச் சதவீதக் குறியோடு இசட், யூ இரண்டையும் போடவேண்டும். பழைய விண்டோஸ் நூலகத்தோடு இணையும் கொம்பைலர்களில் எண் வராமல் அந்த இரண்டு எழுத்தும் அப்படியே திரையில் வந்து நிற்கும். இவ்வளவு வயதான மொழியில் இதை இன்னும் நேராக்காமல் இருப்பதை என்னால் மன்னிக்கமுடியவில்லை.

சைஸ்ஒஃபை ஆர்க்வியின் மேல் பிரயோகிப்பவர்களும் உண்டு, எத்தனை சொல் வந்தது என்று சொல்லும் என்ற நம்பிக்கையில். அது பொயின்டரின் அளவை மட்டும் சொல்லும்: 4 அல்லது 8. எண்ணிக்கையைச் சொல்லத்தான் ஆர்க்சி இருக்கிறது.

சரி, கட்டளை வரிக்கு வருவோம். என் மழைப் புரோகிராமின் பெயரே "மழை". லினக்ஸிலும் போனிலும் தமிழில் பெயர் வைத்தால் ஒரு தொல்லையும் இல்லை. "./மழை இரணைமடு முத்தையன்கட்டு வவுனிக்குளம்" என்று அடித்தால் ஆர்க்சி 4. ஆர்க்வியின் பூச்சியமாவது இடத்தில் "./மழை", அடுத்து மூன்று குளங்கள், 4ஆவது இடத்தில் எதையும் காட்டாத நல் பொயின்டர். கடைசியில் நல் இருக்கும் என்று நியமமே உறுதி தருகிறது. பூச்சியமாவது இடத்தில் பெயர் இருக்கும் என்பதற்கு அந்த உறுதி இல்லை. நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டுவதற்கு லினக்ஸில் பரவலாக இருந்த பிகேஎக்ஸெக் என்ற புரோகிராமில் 2022 ஜனவரியில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை இதனால்தான் வந்தது. ஆர்க்சி சைபராக இருக்கும்படி அழைத்தால் அது 1ஆவது இடத்தைப் படிக்கப்போய், ஆர்க்வியைத் தாண்டிச் சூழல் மாறிகளுக்குள் விழுந்தது. சாதாரண பயனர் எல்லா உரிமையும் உள்ள ரூட் ஆகிவிடலாம். அந்தப் பிழை 2009இலிருந்தே அங்கே கிடந்திருக்கிறது. அதன் பிறகு லினக்ஸ் கேர்னல் 5.18இலிருந்து, ஒன்றும் கொடுக்காவிட்டாலும் ஒரு வெற்றுச் சரத்தையாவது வைத்துவிடுகிறார்கள். நான் என் புரோகிராம்கள் எல்லாவற்றிலும் ஆர்க்சியைச் சோதிப்பதை முதல் வரியாக வைத்திருக்கிறேன்.

ஆர்க்வியில் வருவது எல்லாம் எழுத்துச் சரம். 25 என்று அடித்தால் "2", "5" என்ற இரண்டு எழுத்துக்களும் முடிவுக் குறியும் வரும். எண்ணாக்குவது எங்கள் வேலை. புத்தகங்கள் அதற்கு ஏ-டு-ஐ ஃபங்ஷனைக் காட்டுகின்றன. மழைக் கணக்குக்கு அது உதவவே உதவாது. மழைமானி பார்ப்பவர் ஒருநாள் கலியாண வீட்டுக்குப் போய்விட்டால் அன்றைக்கு "இல்லை" என்று பதிவார்கள். ஏ-டு-ஐ "இல்லை" என்பதற்கும் 0 என்றுதான் தரும், உண்மையிலேயே மழை பெய்யாத நாளின் 0க்கும் அதேதான். அளக்காத நாளும் மழையில்லாத நாளும் ஒன்றாகிவிட்டால் அந்தப் பதிவேட்டை எடுத்து என்ன செய்வது?

ஸ்டர்டோல் ஃபங்ஷன் எந்த எழுத்தோடு நின்றது என்பதையும் சொல்லும், எல்லை தாண்டினால் அதையும் தெரிவிக்கும். ஆனால் அது திருப்பித் தருவது லோங். விண்டோஸில் மேலே சொன்ன 2 கோடிச் சொச்சத்திலேயே முட்டிக்கொள்ளும். அதனால் காசுக்கு அதன் லோங் லோங் வடிவம்தான் வேண்டும். இன்னொன்று, அதற்கு அடி எண்ணை 10 என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். 0 என்று விட்டால் பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாகப் படிக்கும். மாதத்தை 07 என்று கொடுத்தால் தப்பித்துவிடும், 08ம் 09ம் மாட்டிக்கொள்ளும். அதாவது ஆவணியும் புரட்டாதியும் வரும் வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

ஆர்க்விக்குச் சொற்களைப் பிரித்துக் கொடுப்பது லினக்ஸில் நாங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கும் ஷெல்லின் வேலை. சி மொழிக்கு அதில் பங்கில்லை. இது விளங்காதவரை பல விசயம் மாயமாக இருக்கும். கட்டளை வரிக் கல்குலேட்டர் எழுதச் சொன்னால் மாணவர்கள் "./கணக்கு 6 * 7" என்று அடிப்பார்கள். லினக்ஸ் ஷெல் அந்த நட்சத்திரத்தை அந்த அடைவில் உள்ள எல்லாக் கோப்புப் பெயர்களாகவும் விரித்துவிட்டுத்தான் புரோகிராமை எழுப்பும். ஆர்க்சி 4 என்று எதிர்பார்த்த இடத்தில் 30 வந்து நிற்கும். நட்சத்திரத்தை மேற்கோள் குறிக்குள் வைத்தால் தீர்ந்தது. விண்டோஸின் கட்டளை முகப்பு நட்சத்திரத்தைத் தொடாது. ஆனால் அங்கேயும் சில கொம்பைலர்கள் சேர்த்துவிடும் தொடக்க நிரல் விரித்துவிடும். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தாலும் இதே கதைதான்: வவுனிக் குளம் என்று மேற்கோள் குறி இல்லாமல் பிரித்து எழுதினால் இரண்டு ஆர்கியுமென்ட்.

அளவும் ஆர்கியுமென்டும் ஒன்றாகச் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும் இடம் தமிழ் எழுத்துத்தான். சார் என்பது 1 பைட். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (மெய்க்கு ஒன்று, அதன் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ இன்னொன்று) 3 பைட். "வன்னி" எங்களுக்கு மூன்று எழுத்து. சரத்தின் நீளத்தை ஸ்டர்லென்னிடம் கேட்டால் 15 என்னும். முத்தையன்கட்டு எட்டு எழுத்து, 42 பைட். குளத்தின் பெயருக்கு 20 சார் போதும் என்று ஒதுக்கி அதற்குள் ஆர்க்வியிலிருந்து நகலெடுத்தால் பக்கத்து நினைவகம் நாசம். கிளிநொச்சி இன்னொரு விதம்: 'நொ'வின் உயிர்க்குறியை ஒரே புள்ளியாகவும் வைக்கலாம், முன்னும் பின்னுமாக இரண்டாகவும் வைக்கலாம், முதலாவதில் 30 பைட், இரண்டாவதில் 33. திரையில் இரண்டும் ஒரே மாதிரி, ஒப்பிட்டால் வேறு வேறு. விண்டோஸில் இந்தப் பாடு படவே தேவையில்லை. புரோகிராம் தொடங்கும் இடமான சாதாரண மெயினுக்குத் தமிழ் வந்து சேராது, கேள்விக்குறிகள்தான் வரும். அங்கே அதன் யூனிகோட் வடிவமான டபிள்யூமெயின் வேண்டும், அல்லது விண்டோஸ் 10இன் 1903 பதிப்புக்குப் பிறகு யூடிஎஃப்-8ஐப் புரோகிராமோடு சேர்க்கும் மெனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் கேட்டு வாங்கவேண்டும். வகுப்பில் குளங்களுக்கு எண் கொடுத்துவிட்டேன்.

இதே எழுத்தில் இன்னொரு வினோதம். தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் பைட் 224. அதைச் சாரில் போட்டு எண்ணாக அச்சிட்டால் லப்டொப்பிலும் விண்டோஸிலும் −32, போனில் 224. இன்டெல் பக்கத்தில் சார் குறியுள்ளது, அன்ட்ரொயிட் போனின் ஆர்ம் சில்லுப் பக்கத்தில் குறியற்றது. நியமம் இரண்டையும் அனுமதிக்கிறது.

பல பெறுமதிகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஸ்ட்ரக்டை இருமக் கோப்பாக அப்படியே எழுதி மற்றக் கருவியில் படிப்பதைக் கைவிட்டுக் கனகாலம். இன்ட்32_டி ஒன்றும் இன்ட்64_டி ஒன்றும் உள்ள ஸ்ட்ரக்ட் 32 பிற் லினக்ஸில் 12 பைட், போனில் 16. நிலையான அளவு வகைகளைப் போட்டும் இடையில் நிரப்பும் பைட்கள் மாறுகின்றன. காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வியாக எழுத்திலேயே எழுதிவிட்டால் நோட்பேடிலும் திறந்து பார்க்கலாம், பொருளாளருக்கும் வாசிக்க விளங்கும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இதற்கென்று கணினி வாங்கத் தேவையில்லை; போனும் டெர்மக்ஸும் போதும். ஆனால் போனில் மட்டும் சோதித்துவிட்டு விண்டோஸ்காரரிடம் கொடுக்காதீர்கள். 64 பிற் லினக்ஸ் கிடைத்தால் ஜிசிசியில் 32 பிற்றுக்கு மாற்றும் தெரிவைப் போட்டு ஒரே இயந்திரத்தில் இரண்டு விடையையும் பார்க்கலாம். எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் காட்டும் தெரிவு நிரந்தரமாகப் போட்டிருக்கட்டும். லோங்குக்கு இன்ட்டின் குறியைப் போட்டு அச்சிட்டால் உடனே கத்தும்.

என் லப்டொப்பைப் பற்றி ஒன்று. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிற் இன்டெலுக்கு நிறுவல் இல்லை, ஆகவே அது 12ஓடு நிற்கும். அதில் நேரத்தை விநாடிக் கணக்கில் வைக்கும் டைம்_டி 4 பைட். 2038 ஜனவரி 19, எங்கள் நேரம் காலை 8:44:07க்குப் பிறகு அது பின்னோக்கி 1901க்குப் போய்விடும். மழைமானி பார்க்கும் நேரம் காலை 8:30. அன்றைக்கு அளவைப் பதிந்துவிடலாம், கோப்பைச் சேமிக்கத்தான் 14 நிமிடம். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் 2.34இலிருந்து இதற்கு ஒரு தெரிவு இருக்கிறது. கோப்பு அளவையும் நேர அளவையும் 64 பிற் என்று கொம்பைலருக்குச் சொல்லிவிட்டால் அதே லப்டொப்பில் டைம்_டியின் சைஸ்ஒஃப் 8 என்று வருகிறது. என் புரோகிராம்களை எல்லாம் அப்படித்தான் திரும்பக் கொம்பைல் பண்ணி வைத்திருக்கிறேன்.