வீட்டு மின்னணுக் கருவிகள்: இருபது ஆண்டுகளுக்கும் மேலான பயன்பாட்டு அனுபவம்

புதிதாக வாங்கிய கருவியைப் பற்றி முதல் மாதத்தில் எழுதப்படும் மதிப்புரைகளுக்குக் குறைவில்லை. அதே கருவி எட்டாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதுவோர்தாம் அரிது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சென்னையில் எங்கள் வீட்டில் புழங்கிய தொலைக்காட்சிகள், கணினிகள், அவற்றைச் சார்ந்த பொருள்கள் ஆகியவற்றின் அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன். இவற்றுள் தேய்ந்து பழுதாகி வெளியேறியவை சிலவே. பெரும்பாலானவை நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அவை நம்பியிருந்த வேறொன்று மாறிவிட்டதால் பயனற்றுப் போயின.

தொலைக்காட்சியில் இது தெளிவாகத் தெரிந்தது. எங்களிடம் இருந்த 21 அங்குலப் படக்குழாய் டிவி பழுதாகும்போதெல்லாம் தெருமுனை சர்வீஸ் கடைக்காரர் வீட்டுக்கே வந்து, பின்மூடியைக் கழற்றி, ஒரு கெப்பாசிட்டரையோ விட்டுப்போன ஈயப் பற்றையோ சரிசெய்து அன்றைக்கே ஓடவைத்துவிடுவார். 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமானபோது, டிவியின் உள்ளே சேனல்களைப் பிடித்துத்தரும் டியூனருக்கு வேலை குறைந்தது. ஆனாலும் முன்பக்கத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள் இருந்ததால் அந்த டிவி பிழைத்துக்கொண்டது. பாக்ஸிலிருந்து வரும் படத்தை அதன் வழியாக ஏற்றுப் பல ஆண்டுகள் காட்டியது. ஒரு கருவிக்கு எத்தனை வழிகளில் உள்ளீடு கொடுக்க முடியும் என்பது அதன் ஆயுளை எவ்வளவு நீட்டும் என்று நான் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

அடுத்து வந்த எல்இடி டிவி பல வகையிலும் மேம்பட்டது. இதன் மின்வழங்கி ஏறத்தாழ 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளித்துக்கொள்வதால் ஸ்டெபிலைசர் தேவைப்படவில்லை, படம் கூர்மையானது, எடையும் குறைவு. ஆனால் பழுதின் தன்மை மாறிவிட்டது. சில ஆண்டுகளில் ஒருநாள் ஒலி மட்டும் வந்தது, திரை இருண்டிருந்தது. இருட்டறையில் திரைக்கு அருகே டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாக ஓடுவது தெரியும். அப்படித் தெரிந்தால் படம் உருவாகும் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னாலிருந்து ஒளி தரும் எல்இடி வரிசைதான் போயிருக்கிறது என்று பொருள். இந்தச் சிறு விளக்குகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று அறுந்தாலும் மொத்த வரிசையும் அணைந்துவிடும். அந்த ஸ்ட்ரிப்பின் விலை சொற்பமே; ஆனால் அதை மாற்றப் பேனலை முழுமையாகத் தூக்கி எடுக்க வேண்டும், அப்போது கண்ணாடி விரிசல் கண்டால் டிவியே போய்விடும். அந்த வேலையில் கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து மாற்றினோம், இன்றும் ஓடுகிறது. கடையிலிருந்து வரும்போது உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும் பின்னொளி அளவைக் குறைத்துவைத்தால் இந்தப் பழுது தள்ளிப்போகும் என்பதைப் புதிதாக வாங்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லி வருகிறேன்.

அதே டிவியில் இருந்த இணையச் செயலிகள் திரைக்கு முன்பே முதுமை அடைந்தன. புதிய பதிப்புகள் வருவது நின்றது, பிறகு ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஒரு சிறிய ஸ்டிக் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. ஆகவே டிவி வாங்கும்போது திரையின் தரத்துக்கும் துளைகளின் எண்ணிக்கைக்கும் பணம் கொடுக்கலாம். உள்ளே பொதிந்துள்ள செயலிகளுக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கணினியை, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் உதிரிகளாக வாங்கி அசெம்பிள் செய்தோம். வேண்டியதை மட்டும் மாற்றிக்கொண்டே காலம் தள்ளலாம் என்று கடைக்காரர்கள் சொன்னது பாதி உண்மை. கேபினெட், கீபோர்டு, மானிட்டர் ஆகியவை மூன்று தலைமுறை மதர்போர்டுகளைக் கண்டன. மதர்போர்டு, பெட்டி ஆகியவற்றின் அளவையும் திருகுத் துளைகளின் இடத்தையும் வரையறுக்க 1995இல் வந்த ஏடிஎக்ஸ் அளவுமுறை இன்றும் தொடர்வதால், பழைய பெட்டியில் புதிய போர்டின் திருகுகள் சரியாகப் பொருந்தின. ஆனால் மதர்போர்டை மாற்றும்போதெல்லாம் பிராசஸரும் ராமும் (தற்காலிக நினைவகம்) அதனுடன் போய்விட்டன. டிடிஆர், டிடிஆர்2, டிடிஆர்3 என்று ஒவ்வொரு தலைமுறை ராமிலும் வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருப்பதால், நல்ல நிலையில் இருந்த ராம் துண்டுகள் இழுப்பறையில் சேர்ந்தன. முதல் மதர்போர்டு கெப்பாசிட்டர்கள் உப்பிப் பழுதானது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தரமற்ற மின்பகுபொருள் காரணமாக உலகெங்கும் பல போர்டுகளுக்கு நேர்ந்த கதி அது. சால்டரிங் தெரிந்த ஒருவர் அவற்றை மாற்றிக் கொடுத்தபின் அந்தப் போர்டு மேலும் பல ஆண்டுகள் உழைத்தது.

இத்தனை மாற்றங்களிலும் கொடுத்த பணத்துக்கு மிகுதியான பயன் தந்தது எது என்று கேட்டால், சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டதைத்தான் சொல்வேன். தேநீர் போட்டு முடிக்கும் நேரம் எடுத்துக்கொண்டு எழுந்த கணினி, நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் தயாரானது. புதிய கணினி வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இயக்க மென்பொருளின் கால எல்லை வேறு வகையானது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது; இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை அது ஏற்பதில்லை. பாதுகாப்பு சார்ந்த அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் எந்தப் பழுதும் இல்லாத எங்கள் கணினியைக் கழித்துக்கட்ட மனம் ஒப்பாததால், அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயக்க மென்பொருளை நிறுவினோம். கடிதம் எழுதுதல், கட்டணம் செலுத்துதல், படம் பார்த்தல் எல்லாம் குறையின்றி நடக்கின்றன. பிரிண்டருக்குத்தான் சற்று மெனக்கெட வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது தமிழ்க் கோப்புகளின் நிலை. 2000க்கு முன்னும் பின்னும் தட்டச்சு செய்த கடிதங்கள், குடும்ப வரலாற்றுக் குறிப்புகள், என் தந்தை சொல்லச் சொல்ல எழுதிய ஊர் நினைவுகள் ஆகியவை தனித்தனி எழுத்துருக் குறியாக்கங்களில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் வேறுவேறு எண்ணைத் தரும் முறைகளில், இருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் அரசுத் தரமாக வந்தன. இணையத்தில் திஸ்கி என்ற வேறொரு குறியாக்கம் பரவியிருந்தது. இவை தவிர ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வழி இருந்தது. அந்தந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தந்தையின் சொற்கள் பொருளற்ற உரோமன் குறிகளாக நின்றன. எக்ஸ்பியில், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் இருந்தது. ஆனால் மொழி அமைப்புகளுக்குள் சென்று, நிறுவல் சிடியைச் செருகி அதைச் செயல்படுத்த வேண்டியிருந்தது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்ற பிறகுதான் பழையவற்றை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு குறியாக்கத்தை மற்றொன்றாக மாற்றும் குறிமாற்றி மென்பொருள்கள் பெரும்பகுதி வேலையைச் செய்துவிட்டன. மிச்சத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. பழைய முறைகளில் கொம்பு, கண்ணில் படும் வரிசைப்படி மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியில் அது மெய்க்குப் பின்னால் வரும். கொம்பும் காலும் சேரும் ஒகர, ஓகார எழுத்துகளில் சில இடங்களில் குழப்பம் நேர்ந்தது. உரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்திருந்த எழுத்துருக்களில், இடையே வந்த ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் தமிழ் எழுத்துக் குவியலாக மாறின. அச்சுப் படியை அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் திருத்தினேன். இப்போது அந்தக் குறிப்புகளில் ஒரு உறவினர் பெயரைத் தேடினால் நொடியில் கிடைக்கிறது. பழைய தமிழ்க் கோப்புகள் வைத்திருப்பவர்கள், அவற்றைத் திறக்கும் எழுத்துருவையும் அதே கோப்புறையில் சேமித்துவைப்பது மிக முக்கியம். எழுத்துரு தொலைந்தால் குறிமாற்றிக்கே எந்த முறை என்று சொல்ல முடியாமல் போகலாம்.

சேமிப்பு ஊடகங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல அதிகம் இல்லை. 1.44 எம்பி பிளாப்பிகளில் சென்னையின் ஈரக்காற்றில் பூஞ்சை படிந்தது. 700 எம்பி சிடிகளில் சில முழுமையாகப் படிக்கப்பட்டன, சில பாதியில் நின்றன. ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறை கொண்ட ஹார்டு டிஸ்குகள் யுஎஸ்பி அடாப்டர் வழியாகப் பெரும்பாலும் முழுமையாகத் திறந்தன. இப்போது இரண்டு வெளி டிஸ்குகளில் ஒரே உள்ளடக்கத்தை வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வைத்திருக்கிறோம்.

2012இல் சென்னையில் நாளுக்கு 2 மணி நேர மின்வெட்டு இருந்தபோது இன்வெர்ட்டர் வாங்கினோம். மின்சாரத்தைச் சதுர வடிவ அலையாகத் தரும் வகையில் மின்விசிறி இரைந்தது. வீட்டு மின்சாரத்தைப் போல வளைவான அலை தரும் சைன் அலை வகைக்கு மாறியதும் அந்த இரைச்சல் நின்றது. லெட்-ஆசிட் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டரை அளவு பார்த்து ஊற்றி வந்தால் அது நன்றாக உழைக்கிறது.

பழையதைக் கழிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் அதை உடைத்துச் செம்பு எடுக்கும் பழைய பொருள் வியாபாரியிடம் கொடுக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளர்களிடம் ஒப்படைப்பதே முறை. கணினியைக் கொடுப்பதற்கு முன் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கோப்புகள் எல்லாம் வேறிடத்தில் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே அதையும் முழுமையாக அழித்துக் கொடுங்கள்.