95 கிலோமீற்றரும் கடைசி 300 மீற்றரும்: தெற்கு அதிவேகப் பாதையில் 14 வருடங்கள்

வத்தளையில் இருக்கும் நண்பர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணன், மாத்தறைக்கு மாதம் நான்கு தடவை வான் அனுப்பப் போகிறேன். அதிவேகப் பாதையால் போனால் கட்டுப்படியாகுமா, இல்லை பழைய கரையோரக் காலி வீதியே போதுமா?" கட்டணம் எவ்வளவு என்று கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பேன். கட்டுப்படியாகுமா என்று கேட்டுவிட்டார். அதுவும் நான் வெளியேறும் வாயிலில் காத்து நின்று, கால் மரத்துப்போய் வீடு வந்து சேர்ந்த அன்றே கேட்டுவிட்டார். அரை மணித்தியாலம் பேசினேன். அவருக்கு ஒரு யோசனை சொன்னேன். நான் செய்வது இப்போது வேறொன்று. இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குப் புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம். காலி, வெலிகம, மாத்தறைக் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கிறோம். 2011 நவம்பர் 27ஆம் திகதி கொழும்புக்கு அருகே உள்ள கொட்டாவையிலிருந்து காலி வரை பாதை திறந்தது. டிசம்பர் முதல் வாரத்திலேயே வானில் சரக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். 2014இல் மாத்தறை வரைக்கும், 2020இல் மத்தள வரைக்கும் நீண்டது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் இதைக் கடற்கரைப் பாதை என்று நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருகிறார்கள். கடல் கண்ணிலேயே படாது. வயல், ரப்பர்த் தோட்டம், கறுவாத் தோட்டம், வெட்டிய குன்று, மறுபடியும் வயல். என் மகள் சிறுமியாக இருந்தபோது வழியில் வரும் பெயர்ப்பலகைகளைத் தமிழில் உரக்கப் படித்துக்கொண்டு வருவாள். குருந்துகஹஹெதெக்ம வந்ததும் மூச்சுப் பிடித்து ஒரே தடவையில் சொல்லி முடிப்பாள். அந்தப் பலகையைக் கடக்கும்போது இன்றும் நான் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்தப் பாதை வருவதற்கு முந்திய நாட்களை மறந்துவிட்டு குறை சொல்வது நியாயமில்லை. மொறட்டுவை, பாணந்துறை, களுத்துறைப் பாலம், அளுத்கம என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று காலி போய்ச் சேர மூன்றரை மணித்தியாலம் ஆகும். தனியார் பஸ் ஒன்று எதிர்ப்பக்கத்திலிருந்து மற்றொன்றை முந்திக்கொண்டு நேரே வரும்போது, பிரேக்கில் காலை வைத்தபடி கடவுளை நினைத்த நாட்கள் எத்தனையோ. அதிவேகப் பாதையில் முச்சக்கர வண்டி இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, எதிரே வருகிறவர் நம் பக்கம் வர வழியே இல்லை. நூறைத் தாண்டாமல் சீராக ஓட்டினால் கொட்டாவையிலிருந்து காலிக்கு வெளியே உள்ள பின்னதுவ வரை 95 கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்தில் கடந்துவிடலாம். காலை பத்து மணிக்கு மாத்தறைக் கடைக்காரர் நிறம் மாற்றிக் கேட்டால் மாலைக்குள் சேர்ப்பித்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறேன். இந்தப் பாதை என் வியாபாரத்தை வளர்த்தது.

ஏறும் வாயிலில் ஒரு துண்டு தருகிறார்கள். இறங்கும் வாயிலில் அதைக் கொடுத்தால், வந்த தூரத்துக்கும் வாகனத்தின் வகைக்கும் ஏற்பக் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். கட்டணம் பல தடவை கூடியிருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. கூடிய காசைச் சரக்கின் விலையில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்க முடியாதது, அந்தக் காசைக் கட்டுவதற்காகக் காத்திருக்கும் நேரம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கொழும்புப் பக்கத்து வெளியேறும் வாயில் ஒன்றுக்கு வந்து பாருங்கள். கடைசி 300 மீற்றரில் சிவப்பு விளக்குகள் வரிசை வரிசையாக எரியும். போன வருடம் நான்கு மாதங்கள், பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். ஞாயிறு மாலைகளில் மிகக் குறைந்தது 11 நிமிடம். மிகக் கூடியது 34. ஒரு மணித்தியாலத்தில் 95 கிலோமீற்றரை ஓடிவந்துவிட்டு, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கிற தூரத்துக்கு அரை மணித்தியாலம்! இந்தப் பாதை விற்பது நேரத்தை. பத்து மீற்றர் என்று காசு வாங்கிவிட்டு எட்டு மீற்றர் வெட்டிக் கொடுத்தால் என் கடைக்கு யார் திரும்பி வருவார்கள்? அதைத்தான் இங்கே செய்கிறார்கள். 34 நிமிடம் நின்றவரிடமும் முழுக் கட்டணம்தான் வாங்குகிறார்கள்.

ஏன் நிற்கிறது என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார். ஜன்னலுக்கு வெளியே நீண்ட கையில் ஐயாயிரம் ரூபாய்த் தாள். கட்டணக் கூண்டுக்குள் இருந்த இளைஞர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், விரலால் தடவினார், இழுப்பறையைத் திறந்தார். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் முடிந்திருக்க வேண்டும். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கதவைத் திறந்து, அடுத்த கூண்டில் இருந்தவரைக் கூப்பிட்டார். அவர் தன் வாகனத்தை முடித்துவிட்டுத் தாள்களை எண்ணிக் கொடுத்தார். இவர் திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடியும் எண்ணினார். கார்க்காரர் வாங்கி, அவரும் எண்ணி, பணப்பையில் வைத்து மூடிய பிறகுதான் கண்ணாடியை ஏற்றினார். அந்த ஒரு வாகனத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல். எனக்குப் பின்னால் அம்பலாங்கொடைப் பக்கம் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய ஒரு வான். உள்ளே குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. கூண்டில் இருந்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஞாயிறு மாலை எத்தனை வாகனம் வரும், எவ்வளவு மாற்றுக்காசு வேண்டும் என்று கணக்குப் போட்டு அந்த இழுப்பறையை நிரப்பி அனுப்பாதவர்கள்மேல்தான் கோபம். என் கடைப் பையன்கூடச் சனிக்கிழமை காலையில் மாற்றுக்காசு வாங்கி வைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறான்.

2025இல் கார்டால் கட்டும் ஏற்பாடு வந்தபோது மனம் நிறைந்து வரவேற்றேன். காசு எண்ணுவது இல்லை, மாற்றுக்காசு தேடுவது இல்லை. நான் கார்டு கொடுத்த நாட்களில் பெரும்பாலும் சடுதியில் முடிந்தது. ஆனால் கார்டுக்காரரும் ஐயாயிரம் தாள்காரரும் ஒரே வரிசையில் நின்றால் என் கார்டால் எனக்கு என்ன பயன்? விமான நிலையத்துக்குப் போகும் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில், முன்கூட்டியே கணக்கில் காசு போட்டவர்கள் காசு எண்ணாமல் போகத் தனி வாயில் இருக்கிறது. விமானத்துக்கு ஓடுகிறவருக்கு இருக்கும் அவசரம், விடியலில் ஏறி இரவில் திரும்பும் வியாபாரிக்கும் பஸ்ஸில் நிற்கும் பிரயாணிக்கும் இல்லையா? தெற்குப் பாதையில் அந்த வசதி நான் போகும் வாயில்களில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

பற்றுச்சீட்டைப் பற்றியும் ஒரு சொல். கணக்குக்காக எல்லாவற்றையும் சேர்த்து வைப்பவன் நான். வானின் முன்தட்டில் வெயில் படும் இடத்தில் வைத்தால் இரண்டு மாதத்தில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூண்டுகளில் வேலை செய்கிறவர்களைப் பற்றி நல்லதாகவும் ஒன்று சொல்லவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை இரவு, காலிப் பக்கம் ஒரு வாயிலில் நின்றேன். மனைவி தொலைபேசியில் இருந்தார். "இன்னும் சாப்பிடவில்லை, வந்துதான்" என்று சொல்லிக்கொண்டே துண்டுக்குக் கையை நீட்டினேன். உள்ளே இருந்த பெண் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. சாரல் கூண்டுக்குள் அடித்து அவருடைய வலது சட்டைக்கை முழுவதும் நனைந்திருந்தது. துண்டைத் தந்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தமிழில் சொன்னார்: "மழை. மெதுவாகப் போங்கள், ஐயா." பெயர்ப்பலகை மூன்று மொழியில் இருப்பது சட்டத்துக்காக. நனைந்த கையோடு எனக்காக அந்த நான்கு சொற்களைத் தேடியது யாரும் சொல்லிச் செய்ததல்ல. அன்று வழியில் உள்ள வெலிப்பன்ன ஓய்விடத்தில் தேநீருக்குக்கூட நிறுத்தவில்லை, மனம் நிறைந்திருந்தது.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: வானை அதிவேகப் பாதையாலேயே அனுப்புங்கள். எரிபொருள், சாரதியின் களைப்பு, ஒரே நாளில் திரும்பும் வசதி எல்லாவற்றையும் கணக்குப் போட்டால் கட்டணம் பெரிதில்லை. காலை ஐந்தரைக்கு முன் ஏறுங்கள். ஞாயிறு மாலையைத் தவிருங்கள். நூறு, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை முதல்நாளே எடுத்து வையுங்கள். பின்னால் நிற்பவருக்கும் அது உபகாரம்.

நானோ, அந்த 34 நிமிட நாளுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போது மட்டும் அதிவேகப் பாதை, திரும்பும்போது காலி வீதி. நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது, கணக்குப்படி இது நட்டம்தான், தெரிந்தேதான் வருகிறேன். ஹிக்கடுவையிலிருந்து இடப்பக்கம் கடல் கூடவே வருகிறது. நின்றால் சமிக்ஞை விளக்குக்கு நிற்கிறேன், இறங்கி நடக்கும் மனிதர்களுக்கு நிற்கிறேன். நிற்பதற்காக யாரும் என்னிடம் காசு கேட்கவில்லை. போன ஞாயிறு களுத்துறையில் வீதியோரம் மங்குஸ்தான் விற்ற அம்மாவுக்கு, வாயிலுக்கென்று டின்னில் சேர்த்து வைத்திருந்த நூறு ரூபாய்த் தாள்களை அப்படியே கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பையில் இன்னும் இரண்டு பழத்தைப் போட்டார்.