ரயர் காற்றுப் போயிட்டுது என்று வந்து கதவைத் தட்டுவார்கள்: ஸ்பெயினில் எங்களுக்கு நடந்தது

ஈஸ்டர் விடுமுறைக்கு மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்போடு வீடு மாதிரி இருக்கிற வான்) எடுத்துக்கொண்டு தெற்கே வெளிக்கிடுகிறவர்கள் இதை ஒருக்கா வாசித்துவிட்டுப் போங்கள். நாய் கொண்டு போகிறவர்கள் இரண்டு தரம் வாசியுங்கள்.

2024 பொங்கலுக்கு மறுநாள் நானும் என் கணவரும் லண்டனிலிருந்து புறப்பட்டோம். எங்களோடு மணி, ரோசி என்று இரண்டு நாய்கள். பிரான்ஸ் வழியாக இறங்கி, ஸ்பெயினின் கிழக்குக் கரையோரமாக அல்மேரியா வரை போய், பத்துக் கிழமை இருந்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அந்தப் பத்துக் கிழமையைப் பற்றி நல்லதாக எழுத நிறைய இருக்கிறது. அது இன்னொரு நாளைக்கு.

போகமுதல் எங்களுக்கு இரண்டு பயம். ஒன்று, இரவில் வானுக்குள் மயக்க வாயு அடித்துவிட்டுக் கொள்ளையடிப்பார்கள் என்ற கதை. பிரித்தானியாவின் மயக்க மருத்துவர் கல்லூரியே அது நடக்கிற காரியமில்லை என்று சொல்லியிருக்கிறது. அது தெரிந்தும் இவர் காசு குடுத்து ஒரு அலாரம் வாங்கிப் பூட்டினார். மற்றது பைன் மரப் புழு. மாசி, பங்குனியில் மயிர்ப்புழுக்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தமாதிரி வரிசையாக நிலத்தில் போகும். நாய் அதை மோந்தாலோ நக்கினாலோ நாக்கு வீங்கி, அழுகிக்கூடப் போகும். பைன் மரத்தைக் கண்டாலே நாங்கள் நாய்களை இழுத்துக்கொண்டு அடுத்த பக்கம் ஓடினோம். கடைசியில் எங்களைக் கொள்ளையடித்தது பட்டப்பகல் ஒன்றரை மணிக்கு, அலாரம் ஒரு சத்தமும் போடாமல் இருக்க.

அன்றைக்கு மார்ச் 28, பெரிய வியாழன். ஏபி-7 நெடுஞ்சாலையில் வடக்கே வந்துகொண்டிருந்தோம். பிரெஞ்சு எல்லையில் லா ஜொங்கேராவிலிருந்து கரையோரமாகத் தெற்கே போகிற பாதை அது. தரகோனாவிலிருந்து எல்லை வரைக்கும் 2021 செப்டம்பரோடு சுங்கக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், அதனால் எல்லாரும் அதில்தான். பார்சிலோனா தாண்டி ஒரு ஓய்விடத்தில் நிறுத்தினோம். பேர் போடவில்லை, ஒரு இடத்தை மட்டும் பார்த்துப் பயப்படுகிற விசயமில்லை இது.

இவர் மணியை நடத்திக்கொண்டு வரப் போனார். நான் இரண்டு நிமிசம் கழிவறைக்குப் போய்வந்து, பிளேன்ரீக்குத் தண்ணி வைத்தேன். அந்த இரண்டு நிமிசத்தில்தான் பின் வலது ரயரில் கத்தி வைத்திருக்கிறார்கள். அது பிறகு விளங்கினது.

கதவைத் தட்டினது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், நல்ல உடுப்பு, நல்ல ஆங்கிலம். "உங்கள் ரயர் போயிருக்கு, உங்கள் கணவர் பின்பக்கம் நிற்கிறார்" என்றாள். எட்டிப் பார்த்தால் உண்மையாகவே இவர் அங்கே குனிந்துகொண்டு நிற்கிறார், பக்கத்தில் ஒரு ஆள் "பிஞ்சாத்தோ, பிஞ்சாத்தோ" என்று ரயரைக் காட்டுகிறான். பஞ்சராம். நான் அடுப்பை நிப்பாட்டிவிட்டு இறங்கினேன். கதவைச் சாத்தினேன், பூட்டவில்லை.

எங்களுடையது லண்டன் வான், வலப்பக்க ஸ்டியரிங், ஆட்கள் ஏறி இறங்கும் கதவு இடப்பக்கம். கத்தி வைத்ததோ வலப்பக்கப் பின் ரயரில். அங்கே நின்றால் இடப்பக்கத்தில் யார் ஏறினாலும் இறங்கினாலும் தெரியாது. அது தற்செயல் இல்லை. பின்பக்கம் பெரிய 'யூகே' ஸ்டிக்கர் வேறு. ஸ்பெயினில் அது கட்டாயம், ஒட்டாமல் விடவும் ஏலாது.

அந்தப் பெண் எங்கள் நாய் மணிக்கு முன்னால் முழங்காலில் இருந்து காதைச் சொறிந்தாள். எத்தனை வயது, என்ன சாதி, வானுக்குள் சத்தி எடுக்கிறதில்லையோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தன்னுடைய நாயின் படத்தைக் கைபேசியில் காட்டினாள். நானும் இளித்துக்கொண்டு பதில் சொன்னேன். நாய் வளர்க்கிறவர்களுக்கு இது ஒரு பலவீனம். எங்கள் நாயைக் கொஞ்சுகிறவரைக் கெட்டவர் என்று மனம் நினைக்காது. மூன்று நிமிசம் இருக்கும். பிறகு "நல்ல பயணம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள். மூன்றாவது ஆளை நாங்கள் காணவேயில்லை.

வானில் உதிரி ரயர் இல்லை, நுரை அடிக்கிற போத்தல் மட்டும்தான். இவர் அடிக்க அடிக்க நுரை ரயரின் பக்கவாட்டால் புஸ்ஸென்று வெளியில் வந்தது. பழுது பார்க்கிற சேவைக்கு அழைக்கலாம் என்று இலக்கம் எடுக்கப் போனேன். முன் கதிரையில் வைத்த கைப்பையைக் காணவில்லை.

"இஞ்சாருங்கோ, பையை எடுத்து வைச்சனீங்களோ?"

"நான் ஏன் எடுக்கிறன்? கதிரையிலதானே கிடந்தது."

இரண்டு பாஸ்போட், வங்கி அட்டைகள், 640 யூரோ, வானின் மற்றத் திறப்பு, லண்டன் வீட்டுத் திறப்பு. எல்லாம் அந்தப் பைக்குள். விலாசமும் உள்ளேயே இருந்ததால் அன்றிரவே மச்சானை அனுப்பி வீட்டுப் பூட்டை மாற்றினோம்.

ரோசி? அவள் உள்ளேதான் இருந்தாள். இருபத்தெட்டுக் கிலோ லாப்ரடோர். படியடியில் கால் மிதியில் சோரிசோ இறைச்சித் துண்டு ஒன்று கிடந்தது, சிவப்பு எண்ணெய் துணியில் ஊறியிருந்தது. மிச்சம் அவளின் வயிற்றில். குரைக்கிற நாய் இருந்தால் களவு போகாது என்று நம்பியிருக்கிறவர்கள் அந்தத் துண்டை நினையுங்கள்.

வானை இழுத்துப் போக வந்தவர் ரயரைத் தடவிப் பார்த்துவிட்டு, வெட்டுக்குள் விரல் நகத்தை விட்டுக் காட்டினார். இரண்டு சென்ரிமீற்றர், நேர்கோடு. ஆணியில்லை என்று தலையாட்டினார். அவருக்கு அது புதினமாகத் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்தால், பிரித்தானிய வெளியுறவு அலுவலகத்தின் ஸ்பெயின் பயண அறிவுறுத்தலிலேயே இருக்கிறது: வெளிநாட்டு இலக்கத் தகட்டு வாகனங்களுக்கும் வாடகைக் கார்களுக்கும் "உங்கள் வண்டியில் ஏதோ பிழை" என்று சொல்லி நிறுத்துகிற கூட்டம் இருக்கிறதென்று. பத்துக் கிழமைக்கு முன் புழுவைப் பற்றி வாசித்த நேரத்தில் இதை வாசித்திருக்கலாம்.

அடுத்த நாள் பெரிய வெள்ளி. பார்சிலோனா இருக்கிற கத்தலோனியாவில் ஈஸ்டர் திங்களும் விடுமுறை. பாஸ்போட்டுக்குப் பதிலாக அவசரப் பயணப் பத்திரம் எடுக்க பார்சிலோனா துணைத்தூதரகத்துக்குச் செவ்வாய்தான் போக முடிந்தது. அதுவரை இவருடைய கைபேசியில் இருந்த ஒரேயொரு அட்டைதான் சோறு போட்டது. ஊரிலிருந்து காசு அனுப்பினாலும் அதை எடுக்கப் பாஸ்போட் கேட்பார்கள்! பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும்போது கடந்துபோகிற நாடுகளையும் சொல்ல வேண்டும். பிரான்ஸைப் போட மறக்க வேண்டாம்.

நாய்களின் விசயம் வேறு. பிரித்தானியாவுக்குத் திரும்பும் நாய்க்கு நாடாப்புழு மருந்தை ஒரு மிருக வைத்தியர் கொடுத்து, நாளும் நேரமும் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைக்க வேண்டும். உள்ளே வருவதற்கு 24 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 120 மணித்தியாலத்துக்குக் கூடாமலும். நாங்கள் புதன் பின்னேரம் ஐந்து மணிக்கு வலென்சியாப் பக்கம் கொடுத்திருந்தோம். திங்கள் ஐந்து மணியோடு அது செல்லாமல் போனது. பிரான்சில் இன்னொரு வைத்தியரிடம் திரும்பவும் காசு. அவரும் நாளை எழுதி நேரத்தை வெறுமனே விட்டுவிட்டார்; நான் மேசையடியில் நின்று பார்த்ததால் எழுதுவித்தேன். பார்க்காமல் கலே வரை வந்திருந்தால் இன்னொரு நாள், இன்னொரு குளிசை.

நாய்களின் சுகாதாரச் சான்றிதழ்களும் பைக்குள் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசிக்கவே விருப்பமில்லை. அவை நாய்ச்சாப்பாட்டு வாளியின் மூடிக்கு உட்புறம், பிளாஸ்ரிக் உறையில் ஒட்டியிருந்தன. அது இவருடைய விசர் யோசனை. நான் ஜனவரியில் சிரித்தேன்.

பயணக் காப்புறுதி? பொலிஸ் முறைப்பாட்டில் கதவு பூட்டியிருந்ததோ என்று ஒரு கேள்வி. இல்லை என்று உண்மையைச் சொன்னோம். உடைத்து உள்ளே வந்த அடையாளம் இல்லை, அதனால் தர மாட்டோம் என்று ஆறு கிழமை கழித்துக் காப்புறுதிக்காரர் கடிதம் போட்டார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், பதினேழாம் பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறது. வாகனத்துக்குள் இருக்கும் சாமான் என்ற தலைப்பைத் தேடி இன்றைக்கே உங்களுடையதைப் பாருங்கள்.

இப்போது யாராவது ரயர் என்று காட்டினால் ஒருவர் மட்டும் இறங்குவது, மற்றவர் உள்ளே பூட்டிக்கொண்டு இருப்பது என்று வைத்திருக்கிறோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிற்பதில்லை. பத்து நிமிசம் உள்ளே போய் ஒரு ஊர்ச் சுப்பர்மாக்கெற் வாசலில் நிற்போம். ஏதும் நடந்தால் அவசர இலக்கம் 112. கத்தலோனியாவில் முறைப்பாடு எடுக்கிறது மொசோஸ் த எஸ்குவாத்ரா பொலிஸ். பிரதி வாங்காமல் வெளியே வர வேண்டாம்.