சாட்ஸ்வொர்த் பை-பேக் சென்டர், டிக்கி நிறைய குப்பையோட போறவங்களுக்கு

தென்னாப்பிரிக்காவுல, எங்க டர்பன்ல ஆரஞ்சு பையில பேப்பர், பிளாஸ்டிக் கட்டி வாசல்ல வெச்சா போதும், ஆனா கேனும் அட்டையும் காசாகுமேன்னு நெனக்கிறவங்களுக்கு எங்க பக்கத்து சாட்ஸ்வொர்த் ஏரியாவுல இருக்கிற பை-பேக் சென்டர், அதாவது பழைய பொருள எடை போட்டு காசு குடுத்து வாங்குற இடம் பத்தி சொல்லிடுறேன்.

கேட் தாண்டினதும் எடை மெஷின், பக்கத்துல கயித்துல தொங்குற காந்தம். கேன் மூட்டைய கொட்டினா அங்க நிக்கிற ஆன்ட்டி காந்தத்த மேல ஒரு சுத்து சுத்துவாங்க, மீன் டின், பீன்ஸ் டின் எல்லாம் டக்குனு ஒட்டிக்கும், பீர் கேன், கோக் கேன் ஒட்டாது. ஒட்டாததுதான் காசு! இங்க 2013 வாக்குலதான் கூல்டிரிங்க் கேன் இரும்புல இருந்து அலுமினியத்துக்கு மாற ஆரம்பிச்சுது, அலுமினியம் ரேட் இரும்ப விட பல மடங்கு. கண்ணாடி பாட்டில் தூக்கிட்டு போகாதீங்க, பெட்ரோல் காசு கூட தேறாது. அட்டை நனைஞ்சிருந்தா எடையில கழிச்சிடுவாங்க, அதுல ஆன்ட்டி ரொம்ப கறார்.

எனக்கு பிடிச்சது, ரேட் போர்டுல சாக்பீஸ்ல எழுதியிருக்கு, தள்ளுவண்டி இழுத்துட்டு வர்றவருக்கும் கார்ல வர்ற நமக்கும் ஒரே ரேட், பணமும் கையோட. தள்ளுவண்டியில குப்பை பொறுக்கிட்டு வர்றவங்கள மதிக்கணும்ங்க, ஏன்னா இந்த நாட்டுல ரீசைக்கிளிங் போற பேப்பர், பேக்கேஜிங்ல 80-90% அவங்க பொறுக்கினதுதான்னு இங்க இருக்கிற சி.எஸ்.ஐ.ஆர்.ங்கிற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஆய்வு சொல்லுது, 2014ல மட்டும் குப்பைமேட்டு இடத்துல முனிசிபாலிட்டிகளுக்கு 30.9 கோடியில இருந்து 74.8 கோடி ராண்ட் வரைக்கும் மிச்சமாம். இதையே முனிசிபாலிட்டி தனி வண்டி, டிரைவர், டீசல்னு போட்டு வீடு வீடா எடுத்தா பொருள வித்து வர்ற காசு அதுக்கே காணாது, ஆயில் விலை இறங்கினா புது பிளாஸ்டிக்கே சீப்பாயிடும், பழச யார் வாங்குவா? 2021ல வந்த சட்டப்படி பேக்கேஜிங் கம்பெனிங்கதான் இந்த செலவ ஏத்துக்கணும், பொறுக்குறவங்களுக்கும் அதுல பங்கு உண்டுன்னு இருக்கு, அது கைக்கு வந்து சேரணும்ல.

அதனால பத்து கேனுக்கு காரெடுத்துட்டு ஓடாம, கழுவி தனி கவர்ல கட்டி தெருவுல வர்ற தள்ளுவண்டிக்காரர்கிட்டயே குடுத்துடுங்க. வீடு காலி பண்றப்போ, கல்யாணம் முடிஞ்சப்போ மாதிரி பெரிய லோடு இருந்தா மட்டும் இங்க போங்க, மூடின ஷூ போட்டுக்கோங்க, தரையெல்லாம் கண்ணாடித் தூள். 4 ஸ்டார், அஞ்சாவது பார்க்கிங்ல போச்சு.