எம்ப்ளாயி சர்வே டேட்டா போட்டி: உள்ள போய்ட்டு வந்தவனோட ரிவ்யூ

ஒரு கம்பெனி தன் ஸ்டாஃப்கிட்ட எடுத்த சர்வேய, பேரெல்லாம் எடுத்துட்டு காலேஜ் பசங்க கையில குடுத்து, இங்க என்ன பிரச்சனை, என்ன பண்ணலாம்னு சொல்லுங்கன்னு கேக்கற போட்டி. நாங்க மூணு பேரா போனோம். ரெண்டாவது ரவுண்டோட வெளிய வந்தாச்சு, அந்த வயித்தெரிச்சல்ல எழுதறேன்னு நினைச்சா நினைச்சுக்கோங்க.

டேட்டா சூப்பர், அத முதல்ல சொல்லிடறேன். போட்டிக்கு முன்னாடி, டேட்டா இலவசமா கிடைக்கிற கேகிள் (Kaggle) சைட்ல இருக்கிற ஐபிஎம் ஹெச்ஆர் டேட்டாவ வெச்சுதான் பழகினோம். 1,470 பேர், ஆளுக்கு 35 விவரம் (column), வேலைய விட்டுப் போனவங்க 237. ஓவர்டைம் பாக்கற 416 பேர்ல 127 பேர் போயிருக்காங்க, பாக்காத 1,054 பேர்ல 110 பேர்தான். கதை பளிச்சுனு வந்துடும், ஒரு செல் கூட காலியா இருக்காது, ஏன்னா அது கற்பனையா உருவாக்கின டேட்டா. போட்டில வந்த ஃபைல் அப்படி இல்ல. பாதியிலயே விட்டுட்டுப் போனவங்க, எல்லா கேள்விக்கும் வரிசையா 3 3 3ன்னு தட்டிவிட்டவங்க, கமென்ட்ல வெறும் ஒரு புள்ளி வெச்சவங்க, எல்லாரும் இருந்தாங்க. ஒருத்தர் "போன தடவையும் இதையேதான் எழுதினேன்"னு மட்டும் போட்டிருந்தார், அதப் படிச்சிட்டு நாங்க கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

இதுல நாங்க வாங்கின அடி ஒண்ணு. எல்லா கேள்விக்கும் 5ன்னா நல்லதுன்னு நினைச்சு ஆவரேஜ் போட்டோம், ஒரு டிபார்ட்மென்ட் அமோகமா வந்துச்சு, சரி இவங்கள பாத்து மத்தவங்க கத்துக்கணும்னு ஸ்லைடே ரெடி பண்ணியாச்சு. ராத்திரி ஒரு மணிக்கு கமென்ட்ட படிச்சா அந்த டிபார்ட்மென்ட்ல அத்தன பேரும் கொதிச்சுப்போய் எழுதியிருக்காங்க. என்னடான்னு பாத்தா, "வேலைய விட்டுடலாமான்னு அடிக்கடி தோணுது" மாதிரி நாலஞ்சு கேள்வி தலைகீழா கேட்டது, அதுல 5 போட்டா ஆள் கிளம்பறார்னு அர்த்தம். ஸ்கோர திருப்பிப் போட்டதும் அந்த டிபார்ட்மென்ட் நேரா கடைசிக்கு வந்துடுச்சு. தப்பு எங்களோடதுதான், எந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு விளக்கற டேட்டா டிக்ஷனரில ஒரு வரி இருந்துச்சு, யார் படிச்சா.

ஆனா போட்டி நடத்தினவங்க பண்ணின ஒரு தப்பு இருக்கு, அதுக்கு என்னால மன்னிப்பே குடுக்க முடியல. ரிப்போர்ட் டேபிள்ல பத்து பேருக்குக் கம்மியான குழுவ மறைச்சிருந்தாங்க, சின்ன குழுன்னா யார் என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சிடும்ல, அது கரெக்ட். அப்புறம் ஒவ்வொருத்தர் பதிலும் தனித்தனி வரியா இருக்கிற ரா ஃபைல்ல வயசு, டிபார்ட்மென்ட், எத்தன வருஷமா வேலைன்னு எல்லாத்தையும் அப்படியே விட்டிருக்காங்க. மூணு ஃபில்டர் போட்டேன், ஒரே ஒரு வரி நின்னுச்சு, பக்கத்துலயே அவர் மேனேஜரப் பத்தி எழுதின கமென்ட். பேர் இல்லன்னா என்ன, அந்த ஆஃபீஸ்ல இருக்கிற யாருக்கும் அது யாருன்னு ரெண்டு செகண்ட்ல தெரிஞ்சிடும். உடனே மெயில் போட்டோம், மறுநாள் ஃபைல மாத்திட்டாங்க, அது வரைக்கும் டவுன்லோட் பண்ணின டீம்கிட்ட எல்லாம் பழசு கிடக்குது.

ஜட்ஜிங் சுமார். "மேனேஜருக்கு ட்ரெய்னிங், மாசம் ஒரு டீம் அவுட்டிங்"னு எந்த சர்வேக்கும் ஒட்டற மாதிரி சொன்னவங்க கலர் கலரா டேஷ்போர்டு காட்டி உள்ள போய்ட்டாங்க. நாங்க ஷிஃப்ட் லிஸ்ட்ட முதல் நாள் ராத்திரி அனுப்பறத நிறுத்துங்க, ஒரு வாரம் முன்னாடியே குடுங்கன்னு ஒண்ணே ஒண்ணு சொன்னோம், கமென்ட்ல திரும்பத் திரும்ப வந்தது அதுதான். "இது ரொம்ப சின்ன விஷயமா இருக்கே"ன்னு ஒரு ஜட்ஜ் கேட்டார். சின்னதுதான் சார், அதனாலதான் நாளைக்கே பண்ணலாம்னு சொன்னேன், சிரிச்சிட்டு அடுத்த டீம கூப்பிட்டார்.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். அதுல அரை ஸ்டார் மெயில் பாத்ததும் ஃபைல மாத்தினதுக்கு.